கறுப்புக் குழாயும் மிராசுதார் வைக்கோல் போரும்

படிக்காத முட்டாளால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது அவனுக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் பாலிடெக்னிக்கில் படித்த முட்டாளைத்தான் தீப்பெட்டிப் பக்கம் விடக் கூடாது. நான் அந்த இரண்டாவது ரகம்.

திருப்பனந்தாள் பக்கத்தில் எங்கள் ஊர். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் அப்பாவுக்குப் பட்டாவாகியிருந்தது. அதுவரை அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர் அவர். மிராசுதாருக்கு வயிற்றெரிச்சல். நாங்கள் எப்போது தடுக்கி விழுவோம் என்று பார்க்கத் தன் காரியஸ்தரை விட்டிருந்தார் (அந்த ஆளுக்கும் வேறு வேலை இல்லை). அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. பக்கத்து வயல் பாய், குழாய் போட்டுக்கொண்டால் தன் பம்புசெட்டிலிருந்து தண்ணீர் தருவதாகச் சொன்னார்.

அப்பா சாம்பல் நிற பி.வி.சி. குழாய்களை வைக்கோல் தீயில் காட்டினார். நுனி நனைந்த அப்பளம் போலக் குழைந்ததும் அடுத்த குழாயை அதற்குள் செருகினார். கடைசியில் இருபது அடி குறைந்தது. அதற்கு இரவல் வாங்கிய கறுப்பு பாலிதீன் குழாய் ஒன்று கிடந்தது.

"இதுக்குத் தீ ஆகாதுடா. ரப்பரச் சுத்தி இறுக்கிக் கட்டுவோம்" என்றார் அப்பா.

விடுமுறைக்கு வந்திருந்த நான் பேண்ட்டோடு வரப்பில் நின்று சிரித்தேன். "பிளாஸ்டிக்ல எல்லாம் ஒரே ஜாதிதான்ப்பா. சூடு காட்டுனா இளகும், ஆறுனா இறுகும்."

எங்கள் ஊரில் எல்லாம் ஒரே ஜாதி என்று வாய் திறந்து சொன்ன முதல் ஆள் நான்தான். அதுவும் குழாயைப் பற்றி.

கறுப்புக் குழாய் குழையவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு திடீரென்று மெழுகாக உருகி, நுனியில் தீப்பிடித்து, 'ஜிவ் ஜிவ்' என்று எரியும் சொட்டுகளாக ஒழுகியது. ஒரு சொட்டு என் புறங்காலில் விழுந்தது. விஞ்ஞானி அலறிக்கொண்டு குழாயை வீசினார். அது வரப்பைத் தாண்டிப் போய் மிராசுதாரின் வைக்கோல் போரில் விழுந்தது.

அந்தக் காலத்தில் மிராசுதார் போர் எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். திட்டமிட்டுக் கொளுத்தினார்கள், பட்டாவை ரத்து செய்ய வேண்டும் என்று காரியஸ்தர் மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்களோ சாயங்காலம் வீட்டுக்கே வந்து என் தோளில் சிவப்புத் துண்டைப் போட்டார்கள். "சரியான பதிலடி தோழர்." உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ தாடையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன் (இன்று நினைத்தாலும் அந்தத் தாடையில் ஒரு குத்து விடத் தோன்றுகிறது).

மறுநாள் காலை காரியஸ்தரோடு இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவே கூடிவிட்டது. நான் வாய் திறக்கும் முன் அப்பா முன்னால் போய் நின்றார்.

"நான்தாங்க கொளுத்துனேன். பையன் படிக்கிறவன், அவன விட்டுடுங்க."

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. "இல்லீங்க ஐயா, என் தப்புதான். குழாய் உருகிச் சொட்டுனதுல பத்திக்கிச்சு. செஞ்சே காட்டுறேன்" என்று கீழே கிடந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். பதற்றத்தில் எடுத்தது பி.வி.சி. துண்டு. அது கருகியது, மூக்கைப் பிடிக்கும்படி நாறியது, குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டது. மூன்று குச்சி கிழித்தும் ஒரு சொட்டு விழவில்லை.

"இதுவா போரக் கொளுத்துச்சு? அப்பனும் மவனும் ஜீப்புல ஏறுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் இடுக்கி, இடுக்கியில் எரிகிற கறுப்புக் குழாய்த் துண்டு.

"சாம்பக் கலரு கருகும், கறுப்பு ஒழுகும். அடுப்பு மூட்டுற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியுங்க ஐயா. இவன் எங்க அடுப்பு மூட்டுனான்?"

ஜிவ்வென்று ஒரு சொட்டு இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் விழுந்தது. அவர் இரண்டடி பின்னால் குதித்தார். காரியஸ்தர் நாலடி.

"அப்ப, இதுகூடத் தெரியாமத்தான் செஞ்சியா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

தெரு முழுக்கக் காது கொடுத்து நின்றது. "ஆமாங்க ஐயா, தெரியாமத்தான்."

"அத அப்படியே எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அப்பா ஜீப்பில் ஏறவில்லை, பட்டாவும் தப்பியது. சங்கத்துக்காரர் ஒருவர் என் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் 'சொட்டு'. பிறகு முப்பது வருஷம் குழாய்க் கம்பெனியில் வேலை பார்த்து மேலாளராக ஓய்வு பெற்றேன். அதை ஊரில் ஒரு நாயும் மதிக்கவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'மேலாளர் (ஓய்வு)' என்று போட்டிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினோம்.

"மேலாளர எடுத்துட்டு சொட்டுன்னு போடு. நம்ம நிலத்தக் காப்பாத்துனது அதுதான்" என்றாள்.

போட்டோம்.