பால்சாமி தொட்ட ஸ்பீடு போட்டு

பால்சாமி சுவிட்சை மட்டும்தான் தட்டினார். வேறொன்றும் செய்யவில்லை. அதற்கே ஸ்பீடு போட்டு செத்துக் கிடந்தது.

ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்தது. அண்டாத் தண்ணீரில் மிதந்த அந்தப் பொம்மைப் படகில் ஒரு விளக்கையும் காணோம். மறுபடி தட்டினார். அதன் தலையில் லேசாகக் குட்டினார். "ஏலே, ஓடேன்லே" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

அந்தச் சிவப்பு ஸ்பீடு போட்டு அவருடையதல்ல. மைத்துனன் ராம்குமாருடையதும் அல்ல. ராமநாதபுரத்தில் ராம்குமார் வேலை பார்க்கும் கம்பெனி மேனேஜர் நாகேந்திரனுடையது. அவருக்கு லீவு நாளில் இப்படி ரிமோட் படகு விடுவதுதான் பொழுதுபோக்கு. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயில் விட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, எந்தப் பக்கம் ஆழம், எங்கே கருவேல முள் என்று பார்த்துவைக்கும்படி போன வாரமே அதை ராம்குமாரிடம் கொடுத்திருந்தார்.

நேற்று ராம்குமார் அதை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். போகும்போது ஒரு பாடமே நடத்தினான்.

"மச்சான், ரிமோட்டத்தான் முதல்ல ஆன் பண்ணணும், அப்புறந்தான் போட்டு. நிறுத்தும்போது போட்டை முதல்ல ஆஃப் பண்ணணும், ரிமோட்டு கடைசி. மாத்திச் செஞ்சா போட்டு தன்போக்குல ஓடிரும். பேட்டரிய சார்ஜ் போட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரக்கூடாது. போட்டுக்கு அடியில சுத்துற விசிறிகிட்ட விரலக் கொண்டு போயிராதீக, துண்டாயிரும். ஞாயித்துக்கெழம சார் வாராரு. இந்த மாசந்தான் என்னைய நிரந்தரம் பண்ணுறதப் பத்தி முடிவெடுக்குறாரு. அதனால நீங்க இதத் தொடவே கூடாது."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றார் பால்சாமி.

பூங்கோதை புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மிக்சி, இரண்டு சுவர்க்கடிகாரம், அவள் அப்பா வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் இருந்தன. மாமனார் வீட்டில் பால்சாமி ஃபேன் சுவிட்சுப் பக்கம் போனாலே யாராவது எழுந்து வந்து தாங்களே போட்டுவிடுவார்கள். அவருக்கு அது உள்ளுக்குள் வலிக்கும். ஒரே ஒரு சாமானையாவது பழுதில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. இப்போது அது போய்விட்டது. கூடவே மைத்துனன் வேலையும் போய்விடும் போல இருந்தது.

மூடியைக் கழற்றினார். உள்ளே ஈரம். ஒரு மூலையில் கொஞ்சம் பாசியும் குட்டி நத்தை ஓடும் கிடந்தன. விலை உயர்ந்த சாமானில் என்னென்னவோ வைப்பார்கள் என்று அவற்றைப் பத்திரமாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மழையில் நனைந்த பம்புசெட்டு மோட்டாரை அவர் வெயிலில் காயவைத்துத்தான் ஓட்டுவார். மொட்டை மாடியில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல சூடு. மிளகாய்க் குவியலுக்கு நடுவே போட்டைத் திறந்தபடி கவிழ்த்து வைத்தார்.

மத்தியானம் போய் எடுத்தபோது ஈரம் போயிருந்தது. அதற்குப் பதிலாக உள்ளே மிளகாய் விதையும் தூசியும் நிறைந்திருந்தன. வாயால் ஊதினார். தூசி அவர் மூக்கிலேயே திரும்பி ஏறியது.

"என்ன அங்கன தும்மிக்கிட்டே இருக்கீக?" கீழிருந்து பூங்கோதை கேட்டாள்.

"சளி."

"போட்டைத் தொட்டீகளா?"

"போட்டுக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்?"

தூசியை எடுக்க டீசல் விட்டுக் கழுவினார். தூசி போனது. போட்டின் சிவப்பும் பாதி போனது. மேலே எழுதியிருந்த இங்கிலீஷ் எழுத்து மொத்தமும் விரலோடு வந்துவிட்டது. மாட்டுப் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய கொம்புப் பெயிண்டு மாட்டுக் கொட்டகையில் இருந்தது. நீலம்தான் இருந்தது. ஒன்றுமில்லாததற்கு நீலம் பரவாயில்லை என்று அடித்துவிட்டார். அடித்து முடித்ததும் போட்டில் அவர் வீட்டுக் காளையின் சாயல் தெரிந்தது.

விசிறித் தண்டு கரகரத்ததால் டிராக்டர் கிரீசை அள்ளி அப்பினார். கிரீசு அதிகமாகித் தண்டு அசைய மறுத்தது. குச்சி விட்டுக் கிரீசைத் தோண்டும்போது குச்சி மோட்டார் வயரில் மாட்டி, இரண்டு வயரும் கையோடு வந்தன. பால்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பூங்கோதை மாடி ஏறி வந்தாள். நீலப் போட்டைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"என் தம்பி பொழப்பு இதுலதான் இருக்குன்னு சொன்னான்ல?"

"தெரியும்டி."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலல்ல உங்களுக்கு?"

அவள் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

அறுந்த வயர்களின் நுனியைப் பார்த்தார். பச்சையாகப் பூத்திருந்தது. பம்புசெட்டில் எத்தனையோ தடவை பார்த்த களிம்புதான். சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினார். பேட்டரியை சார்ஜ் போட்டு, ராம்குமார் சொன்னபடியே பக்கத்தில் நகராமல் காவல் இருந்தார்.

சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் போட்டைத் துண்டில் சுற்றிக் கண்மாய்க்குக் கொண்டுபோனார். கரையோரம் பிச்சையம்மாள் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தாள். துண்டை விலக்கியதும் எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னும் உசுரோடயா இருக்கு? நெறத்த மாத்திட்டீகளா தம்பி?"

"உங்க வாத்த மட்டும் பாருங்கக்கா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ரிமோட்டைப் போட்டார். பிறகு போட்டை. விளக்கு எரிந்தது. விசையை அமுக்கினார். போட்டு விருட்டென்று பின்பக்கமாகவே வந்து அவர் வேட்டியை நனைத்தது.

பால்சாமிக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பின்னால் போனால் என்ன, போகிறதே. வயரை மாற்றி மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து மாற்றினார். போட்டு நீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது. பிச்சையம்மாள் வாத்துகளோடு தள்ளிப் போயிருந்ததால் கொஞ்சம் ஆடியும் பார்த்தார்.

ஞாயிறு காலை நாகேந்திரன் தொப்பியோடு கரையில் வந்து இறங்கினார். கூடவே ராம்குமார், பூங்கோதை. பால்சாமி நீலப் போட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"ராம்குமார், இது செவப்பாத்தான இருந்துச்சு?"

ராம்குமார் மடமடவென்று பேசினான். "மச்சான், தொட்டீகளா? அம்புட்டுத் தூரம் சொல்லிட்டுப் போனேனே. சார், எங்க மச்சான் கை பட்டா அவ்வளவுதான் சார். இனி ஓடாது. மன்னிச்சுக்கோங்க."

"ஓடும்" என்றார் பால்சாமி மெதுவாக.

"எப்பிடி ஓடும்?" என்றான் ராம்குமார். குரல் கொஞ்சம் தடுமாறியது.

நாகேந்திரன் ரிமோட்டை வாங்கி விசையை அமுக்கினார். போட்டு சீறிக்கொண்டு பாய்ந்தது. வளைந்தது. திரும்பி வந்தது. "முன்னைவிட நல்லாப் போகுதே" என்று மேனேஜர் சிரித்தார். பூங்கோதை முதல் தடவையாகப் புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். ராம்குமார் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றான்.

"ஒரு போட்டோ எடுத்துக்குறேன். நீங்க கரைக்குக் கொண்டாந்து நிறுத்துங்க" என்று நாகேந்திரன் ரிமோட்டைப் பால்சாமியிடம் நீட்டினார்.

அவர் கேட்டதும் பால்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை நம்பி யாரும் எதையும் கையில் கொடுத்ததில்லை. அந்தக் கலக்கத்தில், டிவியை நிறுத்துகிற மாதிரி, ரிமோட்டை ஆஃப் பண்ணிவிட்டார்.

போட்டு நிற்கவில்லை. நேரே பிச்சையம்மாளின் வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்தது. அத்தனை வாத்தும் கத்திக்கொண்டு கரையேறின. ஒரு வாத்து மேனேஜரின் தொப்பியில் உட்கார்ந்து எழுந்து போனது. போட்டு கருவேல முள்ளில் மோதி, மூக்கு உடைந்து, மூடி பிளந்து, மெல்ல முங்கியது.

நாகேந்திரன் ராம்குமார் பக்கம் திரும்பினார். "உங்கள நம்பித்தான குடுத்தேன்?"

பால்சாமி குறுக்கே வந்து நின்றார். "அய்யா, அவன் மேல ஒரு தப்பும் இல்ல. முதல் நாளே நான்தான் கெடுத்தேன். மொளகாயில காய வச்சதும் நான்தான், டீசல் விட்டதும் நான்தான். அவன் வேலையில கைய வச்சுராதீக. எங்க வீட்டுல எது ஒடஞ்சாலும் அது நானாத்தான் இருக்கும்."

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். ராம்குமார் பெருந்தன்மையாக அவர் தோளைத் தட்டினான்.

"விடுங்க மச்சான். உங்க கை ராசி அப்பிடி. சார் புரிஞ்சுக்கிடுவாரு."

நாகேந்திரன் பெருமூச்சு விட்டார். "சரி, உங்க மச்சான் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அதற்குள் பிச்சையம்மாள் தண்ணீருக்குள் இறங்கி, முங்கி, போட்டை எடுத்துக்கொண்டு சேலை சொட்டச் சொட்டக் கரையேறினாள். பால்சாமி கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் ராம்குமார் கையில் போட்டை வைத்தாள்.

"போன வாரம் நீ இதே முள்ளுல விட்டு முக்குனப்பவும் நான்தான் முங்கி எடுத்துக் குடுத்தேன். மச்சான் வீட்டுல கொண்டுபோயி வச்சுட்டா பழி தன்னால அவரு மேல போயிரும்னு சொன்னியேப்பா, போயிருச்சா?"