ராஜா முகம் போட்ட செப்பு வில்லை

பாரீஸ் புதுப்பாலத்தில் அன்று நிற்க இடமில்லை. கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் கண்டமாலை நோய்க்காரர்கள் கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள். நோயில்லாதவர்களும் நின்றார்கள், வரிசையைக் கண்டால் நிற்பது எங்கள் ஊர் வழக்கம்.

ராஜா கை வைத்தால் கண்டமாலை தீரும் என்பது எங்கள் பரம்பரை நம்பிக்கை. இப்போதைய ராஜாவோ தொடுவதையே நிறுத்திவிட்டார். அந்த இடைவெளியில் கடை விரித்தவர்தான் வைத்தியர் பெல்ரோஸ். வருஷப் பிறப்புக்கு அரசாங்கக் கஜானா தன் அதிகாரிகளுக்குப் பரிசளிக்கும் செப்பு வில்லைகள் ஒரு மூட்டை வைத்திருந்தார். வில்லையில் ராஜா முகம். கை வேண்டாமாம், முகமே நோயை உறிஞ்சிவிடுமாம். கஜானாச் சரக்கு எதையும் உறிஞ்சும் என்பதை நானும் மறுக்கவில்லை, வரி கட்டியவன்.

வில்லையை நோயாளி கழுத்தில் தேய்ப்பார். பிறகு ஒரு துணியால் துடைப்பார். சிவந்த செம்பு வெள்ளியாக வெளுக்கும். நோய் அதில் ஏறிவிட்டதாம். நோயில்லாத உடம்பில் வெளுக்காதாம்.

சிப்பி விற்கும் பெரீன், கழுத்தில் கட்டியோடிருந்த மகளைக் கையில் பிடித்து, வீட்டிலிருந்த ஒரே கம்பளி மெத்தையைத் தலையில் சுமந்து வந்தாள். ஒரு வில்லைக்கு ஒரு மெத்தை என்று பேச்சு. பக்கத்தில் உப்புமீன் விற்கும் அவள் நாத்தனார் கோத்தோன் வழி மறித்தாள்.

"பனிக்காலத்துல பிள்ளையைக் கட்டாந்தரையில போடப் போறியா அண்ணி?"

"கழுத்து குணமானா தரையிலயும் தூங்கும், விடு."

கோத்தோன் விடவில்லை. தன் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு முன்னே போனாள். இதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றாள். வைத்தியர் மறுத்தார். கூட்டம் வேடிக்கை கேட்டது. அவளே ஒரு வில்லையை எடுத்தாள். மீனுக்குத் தலையே இல்லை. கழுத்து இருந்திருக்கக்கூடிய இடத்தில் தேய்த்தாள். அவர் கைத்துணியைப் பிடுங்கித் துடைத்தாள்.

வில்லை பளபளவென்று வெளுத்தது.

"செத்து உப்புல கிடக்குது. இதுக்குமா ஐயா கண்டமாலை?"

"கடல்லயும் நோய் உண்டும்மா" என்றார் பெல்ரோஸ், மூட்டையைக் கட்டிக்கொண்டே.

கோத்தோன் துணியை உதறினாள். செம்பை வெள்ளியாக்கிக் காட்டிய பாதரசத் துளிகள் கல் தரையில் உருண்டோடின. அவற்றின் பின்னால் வைத்தியரும் ஓடினார். பெரீன் மெத்தையை மறுபடி தலையில் ஏற்றி, மகளோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

வரிசையில் நின்ற கனவான் ஒருவர் மட்டும் நகரவில்லை. குணமான அந்த மீன் என்ன விலை என்று கேட்டார்.

முட்டை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறீர்கள். அற்புதம் வாங்கும்போது மட்டும் ஏன் ஐயா விளக்கை அணைத்துக்கொள்கிறீர்கள்?