வழியில் விழாத லீவர்

லீவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நட்டுதான் இருந்தது. பவித்ரன் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான், வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மல்லாந்து படுத்தும் பார்த்தான். நட்டேதான்.

"நல்லா பாக்கச் சொல்லுங்க மச்சான். பின்சக்கரத்துக்கு நடுவுல சின்ன லீவர் இருக்கும். திறந்தா சக்கரம் தன்னால கழண்டிரும். ஸ்பேனரே வேணாம்லா," என்றான் போனில் தனேஸ்வரன். "ஆமா, யாருக்குக் கேக்குறீங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தன் உன்னோடது மாதிரியே மடக்குற சைக்கிள் வாங்கியிருக்கான். பஞ்சராம்."

"என் சைக்கிள ஓட்டலதானே?"

"சேச்சே. தள்ளிக்கிட்டுதான் வந்தேன்."

பொய் சொல்லும்போது பவித்ரனுக்குக் காது சிவக்கும். போனில் காது தெரியாது என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த நல்ல காலம்.

தனேஸ்வரன், பவித்ரனின் மனைவி பிரமிளாவுக்கு ஒரே தம்பி. புதுச் சைக்கிளை வாங்கிய கையோடு, ஆயுத பூஜைக்கென்று பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காலையிலேயே விட்டுவிட்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பவித்ரன் அதை அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "கறுப்பு, மடக்குறது. பூஜை முடிஞ்சதும் வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருங்க. ஓட்டிராதீங்க மச்சான், முதல்ல நான்தான் ஓட்டணும்," என்று மட்டும் சொல்லியிருந்தான்.

கோயிலில் லாரி, மோட்டார், புல்வெட்டும் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. தேங்காய் உடைக்கும் பழனியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சைக்கிள் மடங்கி, சந்தனத்தில் குளித்து நின்றது. பவித்ரன் அதை விரித்து, கோயில் வாசல்வரைக்கும் யோக்கியமாகத் தள்ளினான். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஆளே இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்டான். பாதி வழியில் பின்டயர் இறங்கிவிட்டது.

"பேசாம தம்பிகிட்ட உண்மையச் சொல்லிருங்க," என்றாள் பிரமிளா.

"சைக்கிள் கடையெல்லாம் பூட்டியிருக்கு, இல்லாட்டி ஒட்டிட்டுக் கமுக்கமா இருந்திருப்பேன்."

"போன வருசம் அவன் புல்லு மெஷின ரிப்பேர் பண்றேன்னு கழட்டிப் போட்டீங்க. தீபாவளிக்குக்கூட அவன் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கல. இதுவும் போச்சுன்னா எனக்குத் தம்பியே இல்ல, ஆமா."

பவித்ரன், லீவர் வழியில்தான் விழுந்திருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, வந்த சாலையிலேயே திரும்ப நடந்து புல்லையெல்லாம் விலக்கித் தேடினான். எறும்புக்கடிதான் மிச்சம்.

ஸ்பேனரை மாட்டித் திருகினான். நட்டு அசையவில்லை. காலால் ஓங்கி மிதித்தான். நட்டு கழன்று, உருண்டு, வீட்டு முன்னால் ஓடும் லோங்காங் சாக்கடையின் கறுப்புத் தண்ணீரில் விழுந்தது. சக்கரத்தை இழுத்தான். சங்கிலியும் கூடவே வந்தது.

மறுபடியும் போன்.

"டிஸ்க் பிரேக் தகடு பத்திரம் மச்சான். சக்கரத்தக் கழட்டினதும் பிரேக்குக்குள்ள அட்டைய மடிச்சு வைக்கச் சொல்லுங்க."

பவித்ரன் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பினான். தகடு எதுவும் இல்லை.

"தகடும் விழுந்திருச்சா?" என்று அலறிவிட்டான்.

"எங்க விழுந்துச்சு? தகடே இல்லன்னா அது டூப்ளிகேட்டுலா. உங்க ஆபீஸ்காரன நல்லா ஏமாத்திட்டானுங்க!" தனேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிக்கிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் அழப்போகிறான் என்று நினைத்தபோது பவித்ரனுக்கே அழுகை வந்தது. பிரமிளாவின் குழம்புக் கரண்டியால் டயரை நெம்பினான். கரண்டி வளைந்தது, டியூபில் புதிதாக ஓர் ஓட்டையும் விழுந்தது. இரண்டையும் ஒட்டினான். சக்கரத்தை மாட்டிய பிறகுதான் சங்கிலி வெளியே தொங்குவது தெரிந்தது. கழற்றி மறுபடியும் மாட்டினான். தொலைந்த நட்டுக்குப் பதில் மேசைக் காற்றாடியின் நட்டைப் பிடுங்கிப் போட்டு முறுக்கினான். சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து, பிரேக் கட்டையில் உரசி, கிரீச்சென்று நின்றது.

"காத்தாடியும் போச்சா?" என்றாள் பிரமிளா.

கிரீஸைக் கழுவப் போனால் சந்தனமும் சேர்ந்து கரைந்தது. அடியில் பெயின்ட் ஊர்ப்பட்ட இடத்தில் உரிந்திருந்தது. இவ்வளவையும் நானா கிழித்தேன் என்று பவித்ரன் ஆடிப்போய்விட்டான். பதறிக்கொண்டு ஆபீஸுக்குப் போட்டுப் போகும் சப்பாத்தின் கறுப்புப் பாலிஷை எடுத்துவந்து தேய்த்தான். கைப்பிடி பிசுபிசுவென்று ஒட்டியது.

போன் அடித்தது. தனேஸ்வரன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. பவித்ரன் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினான்.

சற்று நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. தனேஸ்வரன் இறங்கினான். "ஏன் மச்சான் போன எடுக்க மாட்டேங்குறீங்க? கோயில்லேர்ந்து எனக்கு..."

"ஒண்ணும் சொல்லாத மச்சான், நானே சொல்லிடுறேன்!" பவித்ரன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். கை பூராவும் கிரீஸ், பாலிஷ். "ஓட்டிட்டேன். நீ அவ்வளவு சொல்லியும் ஓட்டிட்டேன். பஞ்சராயிருச்சு. லீவரும் தகடும் வழியில விழுந்திருச்சு, நட்டு லோங்காங்குல கிடக்கு. ஆபீஸ்ல எவனும் சைக்கிள் வாங்கல. என்ன எவ்வளவு வேணாலும் ஏசு. உங்கக்கா கூட மட்டும் பேசாம இருந்திராத."

தனேஸ்வரன் சாய்ந்த சக்கரத்தையும், பளபளத்த பாலிஷையும், வளைந்த குழம்புக் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிரமிளா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. தேங்காய் உடைக்கும் பழனியப்பன் மெதுவாக இறங்கி வந்தார். குனிந்து சைக்கிளின் பின்டயரை அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பலே தம்பி, காத்து நிக்குதே! காத்தடிச்சாலும் பாதி வழியில இறங்கிருதுன்னு நாலு நாளா நானே என் சைக்கிளத் தள்ளிக்கிட்டுல்ல கோயிலுக்கு வாரேன்!"