கூலிங்கிளாஸ் பாயின் கண்கள்

இந்த மாவட்டத்திலேயே அதிகம் பேருக்கு ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் யாராவது கல்வி வள்ளலின் பெயரைச் சொல்வீர்கள். தப்பு. கடலூரில் நான் பயிற்சி எடுத்த கண் ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் கறுப்புக் கண்ணாடி விற்கும் கூலிங்கிளாஸ் பாய்தான் அவர். கொடுத்தது காசு இல்லை, தன் இரண்டு கண்களை.

கண் பரிசோதனை படிக்கிறவர்கள் ஆராய்ச்சி விருதுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்க வேண்டுமானால், முதலில் சின்னதாக ஓர் ஆய்வு செய்து காட்ட வேண்டும். நோயுள்ள கண்கள் ஆஸ்பத்திரியில் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கண்கள் வேண்டுமே, அதற்குத்தான் நாய் படாத பாடு. நல்ல கண் உள்ளவன் எவன் பிழைப்பை விட்டுவிட்டு வந்து மெஷினில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவான்? பாய் உட்காருவார். எங்கள் பேட்ச், அதற்கு முந்தின பேட்ச், அதற்கும் முந்தின பேட்ச், எல்லோருடைய ‘நார்மல்’ லிஸ்டிலும் அவர் பெயர் இருக்கும்.

அதை அவர் ஓர் உத்தியோகமாகவே பார்த்தார். கண்ணீர் சுரக்கும் அளவைப் பற்றி ஒரு பையன் ஆய்வு செய்தபோது, வீட்டில் வெங்காயம் அரியும் நேரமெல்லாம் பாய் தெருமுனையில் போய் நின்றார். “ஸ்டடி நடக்குது, கண்ணீரை வீணாக்கக் கூடாது” என்று பரங்கிப்பேட்டையில் அக்கா மகள் கல்யாணத்தில்கூட அழாமல் இருந்து, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொருத்தியின் ஆய்வுப் போஸ்டர் ஜெர்மனிக்குப் போனது. அதில் பாயின் இமை குடை அளவுக்கு அச்சாகியிருந்தது. அந்தப் போட்டோவை வண்டியில் மாட்டிவைத்தார்.

“இது யாரு பாய்?” என்று கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

“நான்தான். ஜெர்மனி போனப்ப எடுத்தது.”

“நீங்க ஜெர்மனி போயிருக்கீங்களா?”

“கண்ணு மட்டும் போச்சு.”

யாருக்காவது விருது கிடைத்துவிட்டால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது. “அந்தப் பொண்ணு டெல்லி போறா தெரியுமா? என் கண்ணுலதான் போறா” என்று ஆட்டோ ஸ்டாண்டு வரை சொல்லிவிட்டு வருவார். ஆனால் தான் விற்கும் கண்ணாடியை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. நல்ல கண்ணை எதற்கு மூட வேண்டும் என்பார்.

என் முறையும் வந்தது. பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வருட ஆராய்ச்சி உதவித்தொகை தருவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்தது. கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் சிதம்பரத்தில் அப்பாவின் நண்பருடைய கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் எடுத்துக் காட்டும் வேலை. அப்பா பேசியே முடித்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டது கண் அழுத்த நோய். நேர்ப் பார்வை நன்றாக இருக்கும்போதே பக்கப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்கிற நோய் அது. நோயுள்ளவர் இருபது பேர், நார்மல் இருபது பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை இருபதாவது நார்மலாகப் பாய் வந்து உட்கார்ந்தார்.

பக்கப் பார்வையை அளக்கும் மெஷினில் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் மினுக்கும் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். இடது கண்ணில் பாய் வெளுத்து வாங்கினார். வலது கண்ணில் மேல்பக்கம் வெளிச்சம் வந்தபோதெல்லாம் விரல் அசையவில்லை.

“தூங்குறீங்களா பாய்?”

“வெளிச்சமே வரல, நான் எதை அமுக்குறது? மெஷினைத் தொடைச்சுட்டுப் போடும்மா.”

துடைத்துவிட்டு மூன்று தடவை போட்டேன். மூன்றும் ஒன்றாகவே வந்தன. டாக்டர் வந்து பார்த்தார். அழுத்தம் ஜாஸ்தி, நரம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆரம்பம்தான், சொட்டு மருந்து விட்டால் மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரிலேயே அதிகம் பார்க்கப்பட்ட கண்களை யாரும் முழுசாகப் பார்த்ததே இல்லை. ஒருவன் கண்ணீரைப் பார்த்தான், ஒருத்தி இமையைப் பார்த்தாள், இன்னொருத்தி நிறம் தெரிகிறதா என்று பார்த்தாள். எல்லா ஸ்டடியிலும் இருக்கிறாரே, நார்மலாகத்தான் இருப்பார் என்று ஒருவரை நம்பி அடுத்தவர் விட்டுவிட்டோம். அவருக்கு ஒரு ஓ.பி. சீட்டுப் போட எனக்கும்தான் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

பாய்க்கு நோய் கவலையில்லை. லிஸ்டுதான் கவலை.

“இன்னாம்மா, நார்மல்னே போட்டுடேன். உனக்கு இருபது ஆச்சு, எனக்கும் பேரு நிக்கும். யாருக்குத் தெரியப்போவுது?”

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஃப்ரேம் கடை கண்முன்னே வந்து நின்றது. பிறகு அவர் பார்க்கவே லிஸ்டில் அவர் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். மருந்துச் சீட்டை வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை என் தலையைக் கண்டதும் பாய் ஒரு கூலிங்கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மருந்து விடலன்னா மிச்சப் பார்வையும் போயிடும் பாய்” என்றேன்.

“கண்ணாடி வாங்குனா வாங்கு. இல்லன்னா வழிய வுடு.”

வாங்கினேன். அப்படியாவது இரண்டு நிமிடம் நின்று பேசலாமே. ரூபாய் நோட்டோடு மருந்துச் சீட்டையும் மடித்துக் கொடுத்தேன். நோட்டை வைத்துக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை இன்னொரு கண்ணாடி, அதே கதை. வியாழக்கிழமை மூன்றாவது கண்ணாடி வாங்கியபோது சீட்டு திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாய் வந்து நின்றார். கூலிங்கிளாஸ் இல்லை. கையில் ஒரு நெட்டையான ஆளைப் பிடித்திருந்தார்.

“என் மச்சான். எங்க வூட்டம்மாவுக்குத் தம்பி. இவன்கிட்ட கண்ணைத் தவிர எதுவும் உருப்படியில்ல. எடுத்துக்க. என் தம்பியத்தான் இட்டாந்திருப்பேன், கூடப் பொறந்தவங்களுக்கும் இது வரலாம்னு டாக்டர் சொன்னாரு. அவன் ஓ.பி. வரிசையில நிக்கிறான்.”

“டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க?”

“நேத்து சாயங்காலம். பின்ன, நீ எத்தினி கண்ணாடிதான் வாங்குவ?”

“என் போட்டோவும் ஜெர்மனி போவுமா?” என்றார் மச்சான்.

“நீ மொதல்ல தாடைய வை” என்றார் பாய்.

இந்தத் தடவை மச்சானை அடி முதல் நுனி வரை எல்லாச் சோதனையும் செய்தபிறகே இருபது என்று எழுதினேன். மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் பாயிடமிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. சொட்டு விட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

நேர்காணல் சிதம்பரத்தில் நடந்தது. இந்த ஆய்வில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். பாய் கதையைச் சொன்னேன். “உள்ளே வருகிறவர்களின் கண்ணை மட்டும் பார்க்கிறோம். வாசலிலேயே இருக்கிற டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், நோயாளிக்குத் துணைக்கு வந்து காத்திருப்பவர், இவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்களைப் பார்க்க எனக்கு ஒரு வருடம் கொடுங்கள்” என்றேன்.

கொடுத்தார்கள். கடிதம் வந்ததும் பாய்க்குப் போன் போட்டேன்.

“என் கண்ணுலதானே?” என்றார்.

“உங்க கண்ணுலதான் பாய். புது லிஸ்டுல உங்க பேருதான் முதல் பேரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஒண்ணுமில்லம்மா. வூட்ல வெங்காயம் அரியுறாங்க” என்றார்.

பின்னால் பஸ் ஹாரனும், கண்ணாடி என்ன விலை என்று யாரோ கேட்கும் குரலும் தெளிவாகக் கேட்டன. நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.