எங்கள் எருமைப் பாலில் தண்ணீர் ஏது?

நூம்பல்
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, 1972

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு உன் அக்காள் புருஷன் வீரராகவன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்காள் நாகம்மாள், மகள் தாட்சாயிணி, இரண்டு எருமைகள் ஆகிய அனைவரும் சௌக்கியம். ஆவடியில் நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் குறையில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கண்டதும் தந்தி மாதிரி நினைத்துச் செயல்படவும். நம் வீட்டு மானம் ஒரு கண்ணாடிக் குழாயில் மிதந்துகொண்டிருக்கிறது.

நான் பால் ஊற்றிய முறை உனக்குத் தெரியாததல்ல. எருமையை வேலப்பன்சாவடிக்கு ஓட்டிக்கொண்டு போவேன். வாசலில் நிறுத்தி, சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வீட்டுக்கார அம்மாளின் கண்ணெதிரே கறப்பேன். மடியிலிருந்து சொம்பு, சொம்பிலிருந்து அடுப்பு, வியாபாரம் முடிந்தது. இப்போது பால் சங்கம் வந்துவிட்டது. விடிந்ததும் தெருவுக்கு வேன் வருகிறது, வேனில் கேன், கேனிலிருந்து டேங்கர் லாரி, லாரியிலிருந்து பட்டணத்து மெஷின். அங்கே பாலைச் சூடு பண்ணி உடனே குளிர வைக்கிறார்களாம், குளிர வைப்பதற்கு ஏன் சூடு பண்ணினீர்கள் என்று கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகு பாட்டிலில் அடைத்து, மூடி போட்டு, மறுநாள் அதே வேலப்பன்சாவடிக்கு அனுப்புகிறார்கள். என்னிடம் வாசலில் வாங்கிய ராஜம்மா இன்று பால் கார்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். என்னைக் கண்டால், "இன்னா வீரராகவண்ணே, உங்க எரும பட்டணத்துக்குக் குடி பூட்ச்சாமே?" என்று கேலி வேறு. நம் எருமை பூந்தமல்லியைத் தாண்டியதில்லை, அதன் பால்தான் தினம் ஊர் சுற்றுகிறது. ஆனாலும் நான் குறை சொல்லவில்லை. என் முழங்காலுக்கு இந்த ஏற்பாடு பெரிய உபகாரம்.

வந்த வினை என்னவென்றால், வேனோடு குணசேகரன் என்று ஒரு பையன் வருகிறான். பூந்தமல்லிக்காரன், சுருட்டை முடி. அவன் கையில் லாக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாய். அதைப் பாலில் விட்டால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அது சொல்லிவிடுமாம், கலந்திருந்தால் முழுகும், இல்லாவிட்டால் மிதக்கும். முதல் மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் குழாய் ஆடி பிறந்ததும் நம் பாலைப் பார்த்து மட்டும் முழுகத் தொடங்கிவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது பால் வீட்டுக்கே திரும்புகிறது. கேட்டால், "நான் இன்னா பண்ணட்டும் நைனா, மீட்டர் சொல்லுது" என்கிறான். நைனாவாம்! நம் தெருவில் மற்ற எல்லோரும் அவனுக்கு அண்ணாத்தே, நான் ஒருவன்தான் நைனா.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் உன் அக்காளைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டை விட்டுப் போகும் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீராவது விடாவிட்டால் மாட்டுக்கு மடி வற்றும் என்பது அவள் கட்சி. அவள் கையால் ஒரு சொட்டு என்றால் எவ்வளவு என்று, அவள் ஒரு சிட்டிகை உப்புப் போட்ட குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த உனக்கே தெரியும். விளக்கின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். அவளும் செய்துகொடுத்துவிட்டு இரண்டு நாள் குழம்பில் உப்பே போடவில்லை. அடுத்தது எருமை. ஏரிக்கால்வாயில் பகலெல்லாம் ஊறினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமோ என்று கட்டிப்போட்டேன். அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான்.

கடைசியில் ரோஷம் தாங்காமல் எருமையையே வேன் முன்னால் ஓட்டிக்கொண்டு போனேன். பழைய வழக்கப்படி சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். தெருவே கூடிவிட்டது. டிரைவர் தங்கவேல், "யோவ், டேங்கர் பூடும்யா!" என்று ஆரன் அடித்தான். எருமை பாலை அடக்கிக்கொண்டு என்னை ஓர் உதை விட்டது. மறுபடி தட்டிக்கொடுத்து, கெஞ்சி, ஒருவழியாகக் கறந்தேன். பையன் குழாயை விட்டான். குழாய் தக்கை மாதிரி எழுந்து நின்றது. "பால்னா இது பால் நைனா!" என்று அவனே சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் பால் திரும்பிவிட்டது!

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன் பரந்தாமா. எருமை பொய் சொல்லாது. உன் அக்காள் சத்தியம் செய்துவிட்டாள். தாட்சாயிணியோ கறந்த பாலை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருகிறவள். மீதி யார்? அந்தப் பையன்தான் ஏதோ வேலை செய்கிறான். தாட்சாயிணி படித்த பெண்ணாயிற்றே என்று அவளையே அவனோடு பேசவிட்டேன். பாவம், அவளும் வேன் பக்கத்தில் நின்று நெடுநேரம் வாதாடிப் பார்க்கிறாள், திரும்பி வரும்போது முகமெல்லாம் சிவந்திருக்கிறது. அவளுக்கு என்மேல் அவ்வளவு பாசம். நேற்று சங்கத் தலைவர் கூப்பிட்டு, இன்னும் ஒரு தரம் பால் திரும்பினால் என் பேரை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். பேர் போனால் நான் எங்கே போவேன்? வீட்டுக்கு வீடு கார்டு வந்துவிட்டது, இனி எருமையை ஓட்டிக்கொண்டு போனால் எந்த வாசலில் சொம்பு நீட்டுவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே சங்கத்து ஆபீசர் உன் சிநேகிதர் என்றாயே, அவரைப் பார்த்து இந்தக் குணசேகரனைத் திருத்தணிப் பக்கமோ அதற்கு அப்பாலோ மாற்றிவிட ஏற்பாடு செய். அவன் நிழல்கூட நம் தெருவில் விழக்கூடாது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் சம்சாரத்தை இங்கே எல்லோரும் விசாரித்ததாகச் சொல். தபால் பெட்டியில் போடத் தாட்சாயிணியிடம் கொடுக்கிறேன், பசை தடவி ஒட்டுவதும் அவள்தான்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
வீரராகவன்

பின்குறிப்பு: மாமாவுக்குத் தாட்சாயிணி வணக்கம். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன், மன்னிக்கவும். தண்ணீர் ஊற்றியது நான்தான். பால் சரியாக இருந்தால் கேனில் கொட்டிவிட்டு, "அடுத்த ஆளு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். சரியில்லை என்றால்தான் நுரை அடங்கும்வரை நின்று மறுபடி அளக்க வேண்டும். மீட்டர்காரருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. "இன்னிக்கு எத்தினி டம்ளர்?" என்று கேட்டுவிட்டு, "உனுக்காக மீட்டர மாத்திச் சொல்ல மாட்டேன், எடுத்துகினு போ, நாளைக்கு வா" என்பார். கோபமாகத்தான் வரும், ஆனால் அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது. தலைவர் சொன்னதைக் கேட்டதும் தண்ணீரை நிறுத்திவிட்டேன். இன்று பால் சுத்தமாகப் போயிற்று. நீங்கள் ஆபீசரிடம் போக வேண்டாம், பூந்தமல்லியில் மீட்டர்காரரின் அம்மா பொன்னியம்மாளைப் போய்ப் பாருங்கள், வெற்றிலை பாக்கோடு. அப்பாவிடம் நீங்கள் சொன்னால் கேட்பார். கொஞ்சம் சீக்கிரம் போங்கள் மாமா. பால் சரியாக இருந்தால் வேன் நம் தெருவில் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை.