பொகையாத்தா நடை திறந்த நாள்

எனக்கு யாரிடமும் கறாராக 'வேண்டாம்' என்று சொல்ல வராது. இது தன்னடக்கமில்லை, வியாதி. கோயமுத்தூர்க்காரர்களில் பாதிப்பேருக்கு இது உண்டு. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் யாராவது 'வேண்டாமுங்க' என்றால் அதை ஒருவரும் நம்புவதில்லை. விருந்தாளி இலையைக் கையால் மறைத்து 'போதுமுங்க, வேண்டாமுங்க' என்றால், விரலிடுக்கில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினால்தான் மரியாதை. இந்த மரியாதைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தது.

விஷயம் என் மாமனார் பற்றியது. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு, நாலைந்து கறவை மாடு, அளந்து பேசும் வாய். எங்களுடையது நானும் கவிதாவும் நாங்களாகவே முடிவு செய்துகொண்ட கல்யாணம். அவர் சண்டை போடவில்லை. வந்தார், ஆசீர்வாதம் செய்தார், நல்லது கெட்டதுக்கெல்லாம் எட்டிப் பார்த்தார். ஆனால் எங்கள் வீட்டில் கை நனைத்ததே இல்லை. "தண்ணி மட்டும் குடுங்க மாப்ள, போதுமுங்க" என்பார். கவிதா சிரித்த முகமாகக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் தெருமுனை தாண்டியதும் அடுப்படியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குத் தாங்காது.

கணபதியில் எனக்கொரு லேத் பட்டறை இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் கறிக்குப் புகை போடுவதைப் பார்த்தேன். மூடிய டிரம்முக்குள் கரியின் மெல்லிய சூட்டிலும் கட்டையின் புகையிலும் மணிக்கணக்காகக் கறியை வேகவைக்கிறார். ஸ்மோக்கராம். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கினால் நான் என்ன கோயமுத்தூர்க்காரன்? புது டிரம் ஒன்றை அறுத்து நானே செய்துவிட்டேன். மூடிக்குப் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி. பின்பக்கம் எடைக்கட்டை வைத்து, ஒற்றை விரலால் தொட்டாலே மூடி மேலே எழும்புகிற மாதிரி அமைத்திருந்தேன். (இந்தக் கைப்பிடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாவி, அதுதான் வில்லன்.)

மாமாவுக்கு வெள்ளாட்டுக் கறி என்றால் உயிர். "யாரும் சாப்பிட்டிருக்காத கறி செய்யறேன், எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று மச்சான் சிவக்குமாரிடம் சொல்லிவிட்டேன்.

"எதுக்கும் ஒரு சட்டில கொழம்பு வெச்சரட்டுங்களா?" என்று கவிதா கேட்டாள்.

"நீ அடுப்பே பத்த வெக்கக் கூடாது. இன்னைக்கு எல்லாம் என் பொறுப்பு" என்றேன். அப்போது என் குரலில் இருந்த தெனாவெட்டை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

விடிந்ததும் கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்தேன். வீட்டுக் கொய்யாமரத்தில் கழித்த கிளைகளைப் புகைக்குப் போட்டேன். மிளகும் மல்லியும் பூசிய ஆட்டுத்தொடைகளை உள்ளே வைத்து மூடினேன். இதில் விதி ஒன்றே ஒன்றுதான்: மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு போய்விடும், திரும்ப ஏற அரைமணி ஆகும். ஒரு மணிக்குப் பந்தி என்று கணக்கு.

பத்து மணிக்கு வேன் வந்தது. மாமா போர்டிகோவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணி மட்டும் குடுங்க மாப்ள. மூணு மணிக்குக் கெளம்போணும், பால் கறக்கோணுமுங்க" என்றார்.

மற்றவர்கள் நேராக ஸ்மோக்கருக்குப் போனார்கள். எங்கள் ஜனத்துக்கு அடுப்பில் என்ன கொதித்தாலும் மூடியைத் தூக்கி, மோந்து, "வாசம் ஆளத் தூக்குதுங்க" என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சமைத்தவர் மனசு சங்கடப்படுமாம்!

மச்சான் ஒற்றை விரலால் திறந்தான். "அடேங்கப்பா! மூடி பூ மாதிரி எந்திரிக்குதுங்க மச்சா!"

"தொறக்க வேண்டாமுங்க மச்சா."

"அட, கூச்சப்படாதீங்க" என்று இன்னும் அகலமாகத் திறந்தான்.

அடுத்து அத்தை, கவிதாவின் அம்மா. அப்புறம் மச்சானின் மனைவி. அப்புறம் வேன் டிரைவர். நான் 'வேண்டாமுங்க' என்று கெஞ்சக் கெஞ்ச, பாவம் மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று மெச்சிக்கொண்டே திறந்தார்கள். மதியம் பன்னிரண்டரைக்குக் கறியில் கம்பியைக் குத்திப் பார்த்தேன். ரப்பர் செருப்பில் குத்தின மாதிரி இருந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கும் இந்த மனுஷன் தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார், அதுவும் என்னால்!

அடுப்படிக்கு ஓடினேன். கவிதா குக்கருக்கு அரிசியும் பருப்பும் அளந்துகொண்டிருந்தாள். (என் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்ளாததால்தான் நாங்கள் இன்றும் குடும்பமாக இருக்கிறோம்.)

"அரிசீம்பருப்புச் சாதமா? கறி விருந்துக்குக் கூப்பிட்டுட்டு?"

"நீங்க அப்பறமா அழுகலாமுங்க. அந்த மூடிய மொதல்ல நிறுத்தோணும்" என்றாள். விறுவிறுவென்று பூஜையறைக்குப் போனாள். வரும்போது கையில் தட்டு. சூட்டைப் பொருட்படுத்தாமல் மூடியின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கைப்பிடியில் மஞ்சள் துணியைச் சுற்றி எலுமிச்சம்பழம் கட்டினாள். என் பட்டறையில் எந்த லேத்துக்கும் இத்தனை அலங்காரம் நடந்ததில்லை.

மறுபடி திறக்க வந்த மச்சான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அத்தை மெதுவாகக் கேட்டார்: "இதென்ன சாமி கண்ணு?"

கவிதா கண்ணே சிமிட்டவில்லை. "பொகையாத்தாளுங்கம்மா. நேரம் வராம நடை தொறந்தா ஆகாதாமா."

போர்டிகோ நாற்காலி நகர்ந்தது. மாமா எழுந்து வந்தார். சாமி விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டிரம்மை மேலும் கீழும் பார்த்தார். மகளைப் பார்த்தார். வியர்வையில் குளித்து நின்ற என்னையும் பார்த்தார்.

"நடை எப்பங்க தொறக்கும், பூசாரி?"

சிரிக்கிறாரா, திட்டுகிறாரா என்று அந்த மீசையை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "மூ... மூணரைக்குங்க மாமா."

மாமா செல்போனை எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார். "மாட்டப் புடிச்சுக் கட்டிப் பாலக் கறந்துருங்க. நான் கும்புட்டுப் போட்டுத்தான் வாரேன்." மறுபடி போய் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரைக்குத் திறந்தேன். தொடைகள் தார் பூசினமாதிரிக் கன்னங்கரேலென்று கிடந்தன. "கருகிப்போச்சுங்களா?" என்று மச்சான் துக்க வீட்டுக் குரலில் கேட்டான். கத்தியை வைத்தேன். அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது. உள்ளே இளஞ்சிவப்பு, ஒழுகுகிற சாறு. எலும்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. கவிதா சுடச்சுட அரிசீம்பருப்புச் சாதம் போட்டு நெய் ஊற்ற, அதன்மேல் கறியைப் பிய்த்துப் போட்டேன். முதல் இலை மாமாவுக்கு.

பிசைந்தார். வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க" என்றார். அப்புறம் இலையை என் பக்கம் நகர்த்தினார். "அந்தக் கருப்பா இருக்கறதுல இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க."

கவிதா விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனாள். அதே மூக்கு உறிஞ்சும் சத்தம்தான். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டு நான் உலகக்கோப்பை ஜெயித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பரிமாறினேன்.

சூட்டில் இறுகிப்போன அந்தக் குங்குமப் பொட்டு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ஆத்தாளுக்கு இன்றைக்கும் ஆயுதபூஜையில் முதல் மரியாதை. சொந்தத்தில் யார் வீட்டில் சோறு தாமதமானாலும் "நடை சாத்தியிருக்குதா?" என்றுதான் கேட்கிறார்கள். என் பட்டப்பெயர் பூசாரி. மாமா மாதமொரு ஞாயிறு ஆட்டுத்தொடையோடு பஸ் ஏறி வந்துவிடுகிறார். வாசலில் கவிதா தண்ணீரை நீட்டினால் வாங்குவதே இல்லை.

"இருக்கட்டும் அம்மணி, சாப்புட்டுப்போட்டுக் குடிக்கறேன்."