திறப்புக்கோர்வை போட்ட வாக்குகள்

சரவணை கிழக்கு,
வேலணை.

அன்புள்ள மருமகன் கோபிசங்கருக்கு,

நானும் மாமியும் சுகம். கனடாக் குளிருக்குள் நீர் குடும்பத்தோடு சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இதை வட்ஸ்அப்பில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், எங்கள் ஒழுங்கைக் குழுவுக்கு அட்மின் பரிமளம். முறைப்பாடும் அவவைப் பற்றித்தான்.

போன ஞாயிறு ஒழுங்கை வீட்டுக்காரர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. புதிதாக வருகிற குடிதண்ணீர்த் தாங்கியை யார் வாசலில் வைப்பதென்று தலைவர்தான் முடிவெடுப்பார். எங்கள் கிணறு உவர், மாமிக்கு முழங்கால் ஏலாது, சைக்கிளில் தண்ணிக் கான் கட்டி இழுத்து என்ரை இடுப்பு நாரியும் போயிட்டுது, அதனால் நான் போட்டியிட்டேன். பரிமளமும் தன் வாசலுக்காகப் போட்டியிட்டா. எனக்கு எட்டுக் கை உயர்ந்தது, அவவுக்கு மூன்று. நன்றியுரைக்கு எழும்பித் தொண்டையைச் செருமினதுதான், அவ இடுப்பிலிருந்த திறப்புக்கோர்வையை எடுத்து மேசையில் வைத்தா. வெளிநாட்டுக்காரரின் பூட்டின வீடெல்லாத்தின்ரை சாவியும் அதிலைதான்; கூட்டிப் பெருக்கி விளக்கு வைக்கிறது அவதானே. வீட்டுக்கொரு வாக்கெண்டால் இதுகளும் வீடுதானே எண்டு கேட்டா. கூட்டத்தை நடத்தின தம்பிஐயா மாஸ்ரர் திறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். அதில் ஒன்று அலுமாரித் திறப்பெண்டு நான் ஆட்சேபிச்சன். மாஸ்ரர் நீதியான மனுசன், அதை மட்டும் செல்லாத வாக்கெண்டு விலக்கினார். அப்பவும் நான் தோத்துப்போனன்.

அந்தக் கோர்வையில் நீல நூல் கட்டின உம்முடைய திறப்பும் கிடந்தது. சொந்த மருமகன்ரை வீடே மாமனுக்கு எதிரா வாக்குப் போட, எனக்கு அழுகை வந்திட்டுது. உம்மை ஒரு வார்த்தை கேளாமல் செய்த அநியாயம் இது. ஆனபடியால் உம்முடைய வாக்கை அவ களவெடுத்ததாக எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பும். திறப்பையும் என்னிடம் தரச் சொல்லும். வீடு வளவை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பன்.

உமக்கும் மனைவி பவதாரணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். நோய்நொடியின்றி, மாமனையும் மறவாமல் வாழ்க.

இப்படிக்கு,
தோல்வியை ஒப்புக்கொள்ளாத மாமா,
குலசிங்கம்

பி.கு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். திறப்பைக் கேட்டுப் பரிமளத்திட்டைப் போனனான். அவ ஃபோனில் நீர் அனுப்பின குரல்பதிவைப் போட்டுவிட்டா. "அக்கா, எங்கட வாக்கு உங்களுக்குத்தான். மாமாவிட்டைத் திறப்புப் போனால் அவரின்ரை ஆடு எங்கட விறாந்தையில குட்டி போடும்."

இது அபாண்டம், மருமகன். அது உம்முடைய மாமரத்தடியில்தான் போட்டது.